பந்து வீசியவன் கணக்கு

32 ஓவர். அதில் 27 மெய்டன். கொடுத்த ரன் 5. எடுத்த விக்கெட் ஒன்றுமில்லை.

1964-ம் வருஷம் ஜனவரி மாதம், சென்னைக் கார்ப்பொரேஷன் ஸ்டேடியத்தில், இங்கிலாந்தின் முதல் இன்னிங்ஸில் பாபு நட்கர்னி என்ற மனிதர் பந்து வீசியதற்கு ஸ்கோர் புத்தகம் சொல்லும் சாட்சி இவ்வளவுதான். சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பின்னால், பின்னாளில் நேரு ஸ்டேடியம் என்று பெயர் பெற்ற அந்த மைதானத்தில்தான் 1956 முதல் 1965 வரை சென்னையின் டெஸ்ட் பந்தயங்கள் நடந்தன, சேப்பாக்கத்தில் அல்ல. போலஸும் பாரிங்டனும் ஆடிக் கொண்டிருந்தார்கள். நட்கர்னி இடது கையால் மெதுவாகப் பந்தை விட்டெறிவார், அது விழ வேண்டிய இடத்தில் விழும், அவர்கள் தடுப்பார்கள். மறுபடியும் அதே இடம், மறுபடியும் தடுப்பு. இப்படியே தொடர்ந்து 131 பந்துகள், ஒரு ரன் கூட இல்லாமல். இருபத்தோரு ஓவரும் சொச்சமும்! பார்த்துக் கொண்டிருந்த ஜனங்கள் என்ன பாவம் செய்தார்களோ தெரியாது. ஆனால் உலகத்தில் டெஸ்ட் ஆட்டம் என்று ஒன்று தொடங்கிய நாளிலிருந்து தொடர்ந்து இருபத்தோரு மெய்டன் ஓவரை வேறு யாரும் வீசியதில்லை.

இந்த மனிதருக்கு மார்க் போட வேண்டும் என்று வைத்துக் கொள்ளுங்கள். எப்படிப் போடுவீர்கள்? பந்து வீச்சாளனின் யோக்கியதைக்குக் கிரிக்கெட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்து வரும் அளவுகோல் சராசரி. கொடுத்த ரன்னை எடுத்த விக்கெட்டால் வகுக்க வேண்டியது. நட்கர்னிக்கு 5-ஐப் பூஜ்யத்தால் வகுக்க வேண்டும். நாலாம் பாரத்துப் பையனைக் கேட்டாலே அது ஆகாத காரியம் என்று சொல்லி விடுவான். ஆகவே அச்சுக் கோப்பவர் அந்த இடத்தில் எண் போட மாட்டார்; ஒரு சிறு கோடு போட்டு விடுவார். மறு முனையிலிருந்து வீசிய சந்து போர்டே 88 ரன் கொடுத்து ஐந்து விக்கெட் எடுத்தார். அவருக்கு அழகான சராசரி கிடைத்தது. ஒரு பக்கம் மூச்சு விட இடமில்லாமல் நெரித்து விட்டால், அடிக்க வேண்டும் என்ற ஆத்திரமெல்லாம் மறு பக்கத்தில்தானே தீரும்? அந்த ஐந்தில் நட்கர்னிக்கு எத்தனை பங்கு? ஸ்கோர் புத்தகத்தில் அதற்குப் பத்தி கிடையாது.

பந்து வீசுகிறவனின் கணக்கு விசித்திரமான கணக்கு. அடிக்கிறவன் அடித்தால் அது அவன் அடித்ததுதான். ஆனால் வீசுகிறவனுக்கு எழுதப்படும் விக்கெட்டில் பாதி வேறொருவன் கையில் இருக்கிறது. அந்தக் கை வெண்ணெய்க் கையானால் காட்ச் தவறும், விக்கெட் போகும், சராசரி ஏறும், அடுத்த பந்தயத்துக்குப் பெயர் வராது. பழி மட்டும் வீசியவன் பெயரில்.

இந்த வில்லங்கத்தை முதல் முதலில் பெரிய அளவில் காகிதத்தில் இறக்கி வைத்தவர் ஹென்றி சாட்விக் என்ற ஆங்கிலேயர். 1824-ல் எக்ஸிடர் நகரில் பிறந்து, சிறு பையனாக அமெரிக்காவுக்குப் போய் ப்ருக்ளினில் குடியேறியவர். பத்திரிகைகளுக்குக் கிரிக்கெட் சமாசாரம் எழுதிக் கொண்டிருந்தார். ஆமாம், அமெரிக்காவில் அப்போது கிரிக்கெட் உண்டு! 1856-ல் ஒரு நாள் கிரிக்கெட் பந்தயம் பார்த்து விட்டு வரும் வழியில் பேஸ்பால் ஆடிக் கொண்டிருந்தவர்களைப் பார்த்தார். மனம் அதில் லயித்து விட்டது. ஆனால் கிரிக்கெட்காரனின் கணக்குப் புத்தி எங்கே போகும்? 1859-ல், யார் எத்தனை அடித்தார், யார் எத்தனை பேரை வெளியேற்றினார் என்று கட்டம் கட்டி ஒரு பந்தயத்தின் வரவு செலவைப் பத்திரிகையில் அச்சிட்டார். அமெரிக்கர்கள் இன்று வரை காலைக் காப்பியோடு படிக்கும் 'பாக்ஸ் ஸ்கோர்' என்பதன் மூதாதை அதுதான். இவருடைய மாற்றாந்தாய்த் தமையனார் எட்வின் சாட்விக். இங்கிலாந்தில் ஏழைகள் வாழ்ந்த சந்துகளின் சாக்கடையையும் சாவையும் எண்ணிக் கணக்கெடுத்து 1842-ல் பிரபலமான அறிக்கை எழுதியவர். ஒரு குடும்பத்தில் ஒருவர் சாவை எண்ணினார், ஒருவர் ஓட்டத்தை எண்ணினார். இரண்டுக்கும் வேண்டிய பொறுமை ஒன்றுதான் போலிருக்கிறது.

சாட்விக் காலமானது 1908-ல். சென்னையில் இந்தியர்களுக்குக் கிரிக்கெட் கற்றுக் கொடுத்து, 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை ஸ்தாபித்த புச்சி பாபு நாயுடுவும் அதே வருஷம்தான் காலமானார். இது வெறும் காலக் கணக்கு. இதில் உட்பொருள் தேட வேண்டாம்.

பேஸ்பாலில் பந்து எறிகிறவனைப் பிட்ச்சர் என்கிறார்கள். நம்முடைய பந்து வீச்சாளனை விட அவன் தலையில் பாரம் அதிகம். கிரிக்கெட்டில் ஓவருக்கு ஓவர் ஆள் மாறும். அங்கே ஒருவனே மணிக் கணக்கில் நின்று எறிவான். பந்து தரையில் குத்தாமல் அடிக்கிறவனை நோக்கி வர வேண்டும். மூன்று முறை அடிக்கத் தவறினால் அவன் அவுட். நாலு முறை கோணலாக எறிந்தால் அடிக்கிறவன் முதல் கட்டத்துக்குச் சும்மா நடந்து போகலாம். வேலிக்கு வெளியே பந்து பறந்தால் ஹோம் ரன். மற்றபடி அடித்த பந்தெல்லாம் மைதானத்தில் நிற்கும் ஆட்களின் பொறுப்பு. ஆனால் பந்தயம் ஜெயித்தால் 'ஜெயித்த பிட்ச்சர்' என்று ஒருவன் பெயரில் எழுதுவார்கள். தோற்றால் 'தோற்ற பிட்ச்சர்' என்று ஒருவன் பெயரில். தன் கட்சி அடித்துக் கொடுக்காவிட்டால் எறிந்தவன் என்ன செய்வான் என்று யாரும் கேட்பதில்லை. நோலன் ரயன் என்று ஒரு புகழ் பெற்ற ஆட்டக்காரர். 1987-ல் நாற்பது வயதில், தம்முடைய லீகிலேயே மிகக் குறைவாக ரன் கொடுத்தவர் அவர்தான். மிக அதிகமான பேரை அடிக்க விடாமல் வெளியேற்றியவரும் அவர்தான். அந்த வருஷம் அவர் பெயரில் எழுதப்பட்ட வெற்றி 8, தோல்வி 16!

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பேஸ்பால் பந்தை நான் கையால் தொட்டதில்லை. காட்டுப்பள்ளியில் என் தமக்கை பிள்ளை இருக்கிறான், அவன் புண்ணியம்.

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரமாகவே வடக்கே போனால், கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் கழிமுகம் வரும். அதற்கு அப்பால் அனல் மின்சார நிலையப் புகைபோக்கிகள், காமராஜர் துறைமுகம், அதையும் தாண்டிக் காட்டுப்பள்ளி. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பங்கழி. நடுவில் ஒரு நாக்கு நிலம். ஒரு காலத்தில் மணலும் சவுக்கும் மீன்பிடிக் குப்பங்களுமாக இருந்த இடத்தில் இன்று கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் இருக்கின்றன. வழி நெடுகக் கண்டெய்னர் லாரிகள் எறும்பு வரிசை மாதிரி நிற்கும். அங்கே ஒரு சரக்குப் பெட்டி யார்டில் பையனுக்கு ராத்திரி ஷிப்டு. பெட்டிகள் ஏறுவதையும் இறங்குவதையும் குறிக்க வேண்டியது அவன் வேலை. கப்பல் வரும் வரை சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில், கைப்பேசியில் ஓர் அமெரிக்கப் பேஸ்பால் கட்சிக்கு இவன் மானேஜர். நிஜக் கட்சி அல்ல; கம்ப்யூட்டர் ஆட்டம். ஆட்களை விலைக்கு வாங்க வேண்டும், விற்க வேண்டும், எவன் எறிவது எவன் உட்காருவது என்று தீர்மானிக்க வேண்டும். எதிர்க் கட்சி மானேஜர்கள் எங்கெங்கோ தேசாந்திரத்தில் இருக்கிறார்கள். பணம் வைத்து ஆடும் ஆட்டம் அல்ல. அந்த வகையை 2025-ல் மத்திய சர்க்கார் சட்டம் போட்டுத் தடுத்து விட்டது. இது தரும் லாபமெல்லாம் தூக்கம் வராமல் இருப்பதுதான்.

ஒரு விடுமுறை நாளில் அவன் ஓர் ஆளை விற்கலாமா வைத்துக் கொள்ளலாமா என்று யோசித்துக் கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன்.

"தோற்றுக்கொண்டே இருக்கிறானே, இவனைத் தள்ளி விடேன்" என்றேன்.

"ஜெயிப்பு தோல்வியைப் பார்க்கக் கூடாது மாமா. அது கட்சியோட கணக்கு; இவன் கணக்கு இல்லை."

"ரன்னும்தான் நிறையக் கொடுத்திருக்கிறான்."

"அதையும் அப்படியே நம்ப முடியாது. பின்னாடி நிக்கிற ஆளுங்க ஓடாத பசங்க. அடிச்ச பந்தைப் பிடிச்சா இவன் நல்லவன், விட்டா இவன் கெட்டவனா? மூணே மூணுதான் பார்க்கணும். எத்தனை பேரை அடிக்கவே விடாம அனுப்பினான், எத்தனை பேரைச் சும்மா நடக்க விட்டான், எத்தனை ஹோம் ரன் கொடுத்தான். இந்த மூணுலயும் நடுவில வேற ஆள் கை கிடையாது."

நான் அவனைச் சற்று மரியாதையோடு பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் கணக்கில் அவன் எடுத்த மார்க் எனக்குத் தெரியும்.

பிற்பாடு படித்துப் பார்த்ததில், பையன் சொன்னது அவன் சொந்தச் சரக்கு அல்ல என்பது தெரிந்தது. 2001-ல் வோரோஸ் மெக்ராக்கன் என்ற அமெரிக்கர் வெளியிட்ட கட்டுரையின் சாரம் அது. அடித்து மைதானத்துக்குள் விழுந்த பந்துகளில் பத்துக்குச் சுமார் மூன்று, பிடிபடாமல் தப்பி விடுகிறது. பிட்ச்சருக்குப் பிட்ச்சர் இந்த எண் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். ஆனால் அந்தக் கூடுதல் குறைவில் பிட்ச்சரின் கைங்கரியம் மிகச் சொற்பம். இந்த வருஷம் அதில் கெட்டிக்காரனாயிருந்தவன் அடுத்த வருஷமும் கெட்டிக்காரனாயிருப்பான் என்று நிச்சயமில்லை என்றார் அவர். பேட்ரோ மார்ட்டினஸ் அந்தக் காலத்தின் ஈடு இணையற்ற பிட்ச்சர். 1999-ல் அவருக்கு எதிராக அடித்து விழுந்த பந்துகளில் தப்பியவை லீகிலேயே மிக அதிகமானவற்றில் சேர்த்தி. மறு வருஷம் மிகக் குறைவானவற்றில் சேர்த்தி. ஒரே கை, ஒரே பந்து, ஒரே மனிதன்! நடுவில் மாறியது என்ன? அதிர்ஷ்டம் என்று பாட்டி சொல்வாளே, அதுதான். அவருடைய நிஜத் திறமை, அடிக்கவே விடாமல் ஆட்களை அனுப்பிய கணக்கில் இரண்டு வருஷமும் மாறாமல் கிடந்தது.

முதலில் கேட்டவர்கள் சிரித்தார்கள். நூறு வருஷமாகப் பிட்ச்சரைத்தானே புகழ்ந்தோம், பிட்ச்சரைத்தானே திட்டினோம், அதெல்லாம் வீணா என்று கோபித்தவர்களும் உண்டு. சோதித்துப் பார்த்தவர்கள், விஷயம் அவர் சொன்ன அளவுக்கு முழுமையில்லை என்றாலும் பெரும்பாலும் உண்மை என்று ஒப்புக் கொண்டார்கள். அதன் மேல் டாம் டாங்கோ என்ற புனைபெயர்க்காரர் ஒரு சூத்திரமே எழுதினார். ஹோம் ரன்னுக்கு 13 பங்கு, சும்மா நடக்க விட்டதற்கு 3 பங்கு, அடிக்க விடாமல் அனுப்பியதற்கு 2 பங்கு கழிவு. இதையெல்லாம் கூட்டிக் கழித்து, எறிந்த இன்னிங்ஸால் வகுத்து, ஒரு நிலையான எண்ணைச் சேர்த்துக் கொள்ள வேண்டியது. வீட்டு பட்ஜெட்டை விடச் சுலபம். 2018-ல் ஜேகப் டிக்ராம் என்ற பிட்ச்சர் பத்துப் பந்தயம் ஜெயித்து ஒன்பது தோற்றவர். ஆனாலும் அந்த வருஷத்தின் தலை சிறந்த பிட்ச்சருக்கான சை யங் பரிசை அவருக்கே கொடுத்தார்கள். முப்பது வருஷத்துக்கு முன்னே ரயனுக்குக் கிடைக்காதது டிக்ராமுக்குக் கிடைத்தது. இடையில் ஆட்டம் மாறவில்லை. எண்ணுகிற முறைதான் மாறிற்று.

இந்த வித்தையில் எல்லாருக்கும் முன்னோடி பில் ஜேம்ஸ். 1977-ல் தாமே அச்சிட்டுத் தபாலில் விற்ற புத்தகத்தில் தொடங்கினார். அப்போது அவர் கான்ஸாஸ் மாகாணத்தில், டப்பாவில் பீன்ஸ் அடைக்கும் ஒரு தொழிற்சாலையில் ராக்காவல்காரர்! காட்டுப்பள்ளிப் பையனிடம் இதைச் சொன்னபோது அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆன பிறகு பாஸ்டன் கட்சி அந்த ராக்காவல்காரரை ஆலோசகராகக் கூப்பிட்டு வைத்துக் கொண்டது. 86 வருஷமாகப் பட்டம் கிடைக்காமல் தவித்த கட்சி, 2004-ல் ஜெயித்தது. அவராலேயே ஜெயித்தது என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால், இது வரை எழுதியதற்கெல்லாம் விரோதமாகும்.

விளையாட்டுச் சாமான் விற்கிறவர்களுக்கு இந்த உண்மை அதற்கும் முன்பே கொஞ்சம் புலப்பட்டிருந்தது என்பது எனக்கு ஆச்சரியம். 1961-ல் ஹால் ரிச்மன் என்பவர் அட்டையும் பகடையும் கொண்டு வீட்டுக்குள் ஆடும் பேஸ்பால் ஒன்றைக் கடைக்குக் கொண்டு வந்தார். தனியாக ஒரு பகடை: 1, 2, 3 விழுந்தால் அடிக்கிறவன் அட்டையைப் பார்க்க வேண்டும், 4, 5, 6 விழுந்தால் பிட்ச்சர் அட்டையை. பிட்ச்சர் அட்டையிலும் சில கட்டங்களில், 'இங்கே நிற்கும் பீல்டர் எப்படிப்பட்டவன் என்று பார்' என்று எழுதியிருக்கும். பாதி அவன், பாதி இவன், அதற்குள் மூன்றாமவனுக்கு ஒரு பங்கு. பையனுடைய கைப்பேசிக்குள் நடப்பதும் இதே பகடைதான். உருளும் சத்தம் மட்டும் கேட்பதில்லை.

இனி நம்மூருக்கு வருவோம்.

1934-ம் வருஷம் நவம்பர் 4-ந் தேதி சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் பந்தயம். பின்னால் ரஞ்சிக் கோப்பை என்று தேசமெல்லாம் பெயர் பெற்ற போட்டியின் முதல் பந்தயம் அதுதான். முதல் பந்தை வீசியவர் எம். ஜே. கோபாலன், எதிர்கொண்டவர் மைசூரின் கர்டிஸ். அதற்குப் பிறகு நடந்ததை ஆட்டம் என்பதா, வேட்டை என்பதா? மைசூர் முதலில் 48, சென்னை 130, மைசூர் மறுபடியும் 59. இன்னிங்ஸும் 23 ரன்னும் வித்தியாசம். அஸ்தமனத்துக்குள் எல்லாம் முடிந்து போயிற்று. மறு நாளைக்கு ஆட்டமே மீதியில்லை. ஏ. ஜி. ராம்சிங் முதல் இன்னிங்ஸில் 19 ரன்னுக்கு ஆறு பேரையும், இரண்டாவதில் 16 ரன்னுக்கு ஐந்து பேரையும் எடுத்தார். 35 ரன்னுக்கு 11 விக்கெட்!

அம்ரித்ஸர் கோவிந்த்சிங் ராம்சிங் என்பது முழுப் பெயர். ஊர்ப் பெயர் அம்ரித்ஸர்; ஆள் சென்னைக்காரர். தலைப்பாகை கட்டிய சீக்கியர், இடது கை ஸ்பின்னர், இடது கை ஆட்டக்காரர். ஜாக் ரைடர் தலைமையில் 1935-36-ல் வந்த ஆஸ்திரேலியர்களுக்கு எதிரே இந்தியாவுக்காக ஆடினார். ஆனால் அவை உத்தியோக பூர்வமான டெஸ்டுகள் அல்ல, கணக்கில் சேராது. 1936-ல் இங்கிலாந்து போன கோஷ்டியில் அவர் பெயர் இல்லை. அதற்கப்புறம் பத்து வருஷம் இந்தியாவுக்கு டெஸ்டே இல்லை. உலக யுத்தம் வந்து விட்டது. 1946-ல் மறுபடி தொடங்கியபோது ராம்சிங்குக்கு வயது முப்பத்தைந்து ஆகி விட்டது. இடது கை ஸ்பின்னுக்கு வினு மன்கட் வந்து விட்டார். 1952 பிப்ரவரியில் அதே சேப்பாக்கத்தில், 108 ரன்னுக்கு 12 பேரை எடுத்து இந்தியாவுக்கு முதல் டெஸ்ட் வெற்றியைத் தேடித் தந்தவர் மன்கட். அவர் பெயரை யாரும் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது.

35-க்கு 11 என்ற எண்ணை வைத்துக் கொண்டு ராம்சிங்குக்கு அநியாயம் நடந்தது என்று கூக்குரல் போடலாம். பையன் ஒப்ப மாட்டான். "அன்னிக்கு எல்லாருமே அவுட் ஆனாங்களே மாமா, சென்னையும் 130தானே? தரை எப்படி இருந்துச்சு?" என்பான். நியாயமான கேள்வி. மூன்று இன்னிங்ஸ் ஒரே பகலில் உருண்டதென்றால், தரையும் அன்று பந்து வீசியிருக்கிறது என்றுதான் அர்த்தம். ஒரு நாள் கணக்கு ஒரு நாள் கணக்குத்தான். ஆனால் ராம்சிங்கின் கணக்கு அந்த ஒரு நாளோடு நிற்கவில்லை. வருஷக் கணக்காக, ஊர் ஊராக, தரை தரையாக, இருபதுக்கும் குறைவான சராசரியில் அவர் எடுத்துக் கொண்டே போனார். அதிர்ஷ்டத்துக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது.

எண்ணை நம்பாதே என்று சொல்வது இப்போது நாகரிகமாகி விட்டது. எனக்கு அதில் பூரண சம்மதமில்லை. பாலு என்ற பல்வாங்கர் பாலுவின் கதையைப் பாருங்கள். தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான வகுப்பில் பிறந்தவர். புனாவில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில், மாதம் நாலு ரூபாய்க்குத் தரையைப் பெருக்கி, உருளை இழுத்து, வலை கட்டிக் கொடுத்தவர். துரைமார் பயிற்சி செய்யும்போது பந்து வீசச் சொல்வார்கள். மட்டையைத் தொட விட மாட்டார்கள். அப்படி வீசி வீசியே அவர் இடது கை பழுத்தது. புனா ஹிந்துக்கள் துரைமாரை ஜெயிக்க ஆசைப்பட்டபோது பாலு இல்லாமல் கதியில்லை என்றாயிற்று. சேர்த்துக் கொண்டார்கள். மைதானத்தில் ஒரே பந்தைத் தொட்டார்கள். தேநீர் வேளையில் அவருக்குக் கொட்டகைக்கு வெளியே தனி மண் குவளை! 1911-ல் இங்கிலாந்து போன முதல் அகில இந்தியக் கோஷ்டியில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்து, தோற்றுக் கொண்டிருந்த கோஷ்டியின் மானத்தைக் காத்தவர் அவர்தான். பாலுவுக்குப் பரிந்து பேச யார் இருந்தார்கள்? பெரிய மனிதர் சிபார்சு உண்டா, பரம்பரைப் பெயர் உண்டா? ஸ்கோர் புத்தகத்தில் நின்ற எண்தான் பரிந்து பேசிற்று. அந்த எண்ணும் அவரைக் கொட்டகைக்குள் கொண்டு போயிற்றே ஒழிய, காப்டன் ஆக்கவில்லை.

ஆகவே, கணக்கு வேண்டாம் என்று சொல்கிறவனுடைய மாமனார் யார், மச்சினன் யார் என்று விசாரித்துக் கொள்வது நல்லது. கணக்கில்லாத இடத்தில் கண்ணுக்குப் பிடித்தவன்தான் கெட்டிக்காரன்.

ஆனால் எண்ணும் சில பேருக்கு உதவுவதில்லை. சென்னையின் வி. வி. குமார் லெக் ஸ்பின் வீசியவர். 1961 பிப்ரவரியில் டில்லியில், பாகிஸ்தானுக்கு எதிரே தம் முதல் டெஸ்டின் முதல் இன்னிங்ஸிலேயே 64 ரன்னுக்கு ஐந்து விக்கெட் எடுத்தார். அடுத்து ஒரே ஒரு டெஸ்ட்; அதில் விக்கெட் விழவில்லை; அத்தோடு சரி. முதல் தரப் பந்தயங்களில் மொத்தம் 599 விக்கெட், சராசரி இருபதுக்கும் கீழே. ஹரியானாவின் ராஜிந்தர் கோயல் 750 விக்கெட் எடுத்தார், பம்பாயின் சிவால்கர் 589 எடுத்தார். இருவரும் ஒரு டெஸ்ட் கூட ஆடவில்லை. இருவரும் இடது கை ஸ்பின்னர்கள். பிஷன் சிங் பேடி பிறந்த காலத்தில் பிறந்தது அவர்கள் குற்றம். பேடிக்கு டெஸ்டில் 266 விக்கெட். அவருக்கும் பிரசன்னாவுக்கும் சந்திரசேகருக்கும் நம் வெங்கட்ராகவனுக்கும் பக்கத்திலேயே, பாட்ஸ்மனின் மூச்சு மேலே படுகிற தூரத்தில் ஏக்நாத் சோல்கர் நின்றார். பம்பாயில் ஒரு மைதானக் காவல்காரரின் பிள்ளை. 27 டெஸ்டில் 53 காட்ச்! ஹெல்மெட் என்ற பேச்சே இல்லாத நாளில். அந்த 53-ம் ஸ்பின்னர்கள் பெயரில்தான் பெரும்பாலும் ஏறியது. கோயலுக்கு ரோட்டக்கில் சோல்கர் யார் நின்றார்? பையன் சொன்ன மூன்றே மூன்று கணக்கைக் கிரிக்கெட்டில் போட முடியாது. எங்கள் ஆட்டத்தில் பந்து வீச்சாளன் மட்டும் தனியாகச் செய்து முடிக்கிற காரியம், போல்டும் எல்.பி.டபிள்யூவும் தவிர, அநேகமாக இல்லை. எல்.பி.டபிள்யூவிலும் அம்பயர் இருக்கிறார்.

காட்டுப்பள்ளிப் பக்கத்தில் இது வெறும் விளையாட்டு விவகாரமும் அல்ல. துறைமுகங்களில் கிரேன் ஓட்டுகிறவனுக்கு ஒரு சராசரி உண்டு: மணிக்கு எத்தனை பெட்டி தூக்கினான் என்பது. உயரத்தில் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, காலுக்குக் கீழே பார்த்துக் கொண்டே தூக்குவான். லாரி வரிசையாக வந்து நின்றால் எண் ஏறும். வழியில் லாரி நின்று போனால், காற்று வலுத்தால், கப்பலில் பெட்டியைத் தாறுமாறாக அடுக்கியிருந்தால் எண் இறங்கும். தாளில் அவன் பெயர்தான் இருக்கும். காற்றின் பெயர் இருக்காது. "அதுக்கு யாரும் இன்னும் சூத்திரம் எழுதலை மாமா" என்றான் பையன். சிரித்துக் கொண்டுதான் சொன்னான்.

அவனுடைய குப்பத்துச் சிநேகிதர்கள் சிலர் இன்றும் பழவேற்காட்டு ஏரியில் இறால் பிடிக்கப் போகிறவர்கள். அங்கே 'பாடு' என்று ஒரு பழைய ஏற்பாடு. ஏரியில் வலை கட்ட நல்ல இடங்கள் சில. சுமாரான இடங்கள் பல. நல்ல இடம் வாய்த்தவன் நிறையப் பிடிப்பான், அது அவன் சாமர்த்தியம் அல்ல என்பது அவர்களுக்கு என்றோ தெரிந்திருக்கிறது. ஆகவே ஒருவனே ஓர் இடத்தைப் பிடித்துக் கொண்டு உட்கார முடியாது. பாடு உரிமை உள்ளவர்கள் முறை வைத்துக் கொண்டு இடத்தை மாற்றிக் கொள்வார்கள். இன்று நல்ல துறையில் வலை கட்டியவன் நாளை வேறிடத்துக்குப் போக வேண்டும். மெக்ராக்கன் 2001-ல் காகிதத்தில் பிரித்துக் காட்டியதை, இவர்கள் தண்ணீரிலேயே பிரித்து வைத்திருக்கிறார்கள். பாடு இல்லாதவனுக்கு அங்கே முறையே கிடையாது என்பதும் உண்மை. அது வேறு சண்டை, தனிக் கட்டுரைக்கு ஆகும்.

ராம்சிங் ஆட்டத்தை விட்ட பிறகு சென்னைப் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தார். சொந்தப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தார். மூத்தவர் கிருபால் சிங் 1955-ல் ஹைதராபாத்தில் நியூஸிலாந்துக்கு எதிரே முதல் டெஸ்டிலேயே ஆட்டமிழக்காமல் சதம் போட்டார். இன்னொரு பிள்ளை மில்கா சிங்கும் டெஸ்ட் ஆடினார். சாதனைப் புத்தகத்தைப் பிரித்தால் பிள்ளைகள் இருவர் பெயருக்கு எதிரேயும் டெஸ்ட் பத்தியில் எண்கள் இருக்கின்றன. தகப்பனார் பெயருக்கு எதிரே கோடு போட்டிருக்கிறது.